திவ்யாவின் முன்னேற்ற அறிக்கை

ஐயா ஜோயல்,

போன ஞாயிறு மத்தியானம், உன்னை வழியனுப்ப வந்தவர்களிடம் நீ ஒரு கதை சொன்னாய். நீ முதன்முதலில் எழுதிய புரோகிராம் எது என்று இன்டர்வியூவில் கேட்டார்களாம். "எங்க மம்மிக்காக எழுதினது. அவங்க ஆன்லைன் ஸ்கூல் டீச்சர். நூத்தி நாப்பது பிள்ளைகளுக்கு ரிமார்க்ஸ் எழுதி எழுதிக் கை வலிக்குதுன்னாங்க. ஒரே மத்தியானத்துல முடிச்சுக் கொடுத்தேன்" என்று சொன்னாயாம். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, பள்ளிகளுக்கு அறிக்கை புரோகிராம் எழுதும் அந்த வேலையை உனக்கே கொடுத்துவிட்டார்கள். உன் அப்பா பெருமை தாங்காமல் மேசையைத் தட்டினார். நான் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். நீ பின்னால் வந்து, "மம்மி, அழறீங்களா? புனே என்ன அமெரிக்காவா?" என்று கேட்டாய். நீ ஊரை விட்டுப் போவதற்காக நான் அழவில்லை. அந்தக் கதையில் உனக்குத் தெரியாத மிச்சம் இருக்கிறது. மூன்று வருஷமாக அதை உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன். இனி மறைக்க முடியாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நாளைக் காலை சிகந்திராபாத் ஸ்டேஷனில் இதை உன் கையில் கொடுப்பேன். வண்டி நகர்ந்த பிறகு படி.

உனக்கு அந்த வருஷம் நினைவிருக்கும். நீ இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். லோத்குண்டா வீட்டின் முன்னறையில், சுவரில் காரை பெயர்ந்தது தெரியாமல் இருக்கப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் நோட்டில் கணக்குப் போட்டு, போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். நான் அதைத் திரையில் பெரிதாக்கித் திருத்துவேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறிக்கை வீட்டுக்குப் போக வேண்டும். வருகை எவ்வளவு, மதிப்பெண் எவ்வளவு, ஒரு வரிக் குறிப்பு. அந்த ஒரு வரிதான் என் உயிரை வாங்கியது.

திவ்யா அந்த வகுப்பில் பாதி வருஷத்தில் வந்து சேர்ந்தவள். அவள் அம்மா உப்பலில் ஒரு மருந்து பாக்கிங் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்கு மாறி வந்தவர். நடு வருஷத்தில் எந்தப் பள்ளியும் இடம் கொடுக்காததால் ஆன்லைனில் சேர்த்திருந்தார்கள். அப்பா இல்லை. ப்ளஸ் டூ மாதிரி இங்கே இருக்கும் இன்டர் படிக்கும் அக்கா பவானி இருந்தாள். சேர்ந்த முதல் வாரமே அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். "மிஸ், உங்க பேரப் பார்த்தேன், நீங்க தமிழா? நாங்க வேலூர் பக்கம். மனசுக்கு தைரியமா கீது மிஸ். பார்த்துக்கோங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் எல்லோருக்கும் சொல்வேன்; அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் வாரங்களில் அவள் நோட்டு மணி மணியாக இருக்கும். விடுமுறை முடிந்து வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்த படம் வேறு மாதிரி இருந்தது. எழுத்து பெரிதாகியிருந்தது. வரிகள் கோட்டை விட்டு இறங்கி, கடைசியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. கேள்வியில் முந்நூற்று நாற்பத்தைந்து என்று இருந்த எண்ணை நாற்பத்தைந்து என்று எடுத்து எழுதி, அந்தத் தப்பான எண்ணை வைத்துக்கொண்டு மீதிக் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தாள். அடுத்த வாரம் கிராஃப். தாளின் ஒரு பாதியில் மட்டும்தான் புள்ளிகள். மறுபாதியில் வைக்க வேண்டியவற்றை வைக்கவே இல்லை. பதினெட்டு வருஷம் பிள்ளைகள் நோட்டைத் திருத்தியவள் நான். கணக்குத் தெரியாத பிள்ளையின் தப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்தத் தப்பு இல்லை. ஒரு நிமிஷம் என் கை நின்றது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு, வரிசையில் இன்னும் அறுபது நோட்டு கிடந்ததால், சுத்தமின்மைக்கு இரண்டு மார்க் குறைத்து, "அவசரப்படாதே, நோட்டைச் சுத்தமாக வை" என்று சிவப்பில் எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "சாரி மிஸ். இனிமேல் சரியா எழுதுறேன்."

இங்கே உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது உன் ரிப்போர்ட் கார்டில் உன் கிளாஸ் டீச்சர், மார்க்குக் கட்டங்களுக்கு வெளியே, பேனாவால் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். 'இடப்பக்கம் இருந்து கூப்பிட்டால் பையன் திரும்புவதில்லை.' எனக்குக் கோபம்தான் வந்தது. மார்க் குறைந்ததற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். உன் அப்பாதான் மறுநாளே லீவு போட்டு உன்னை ஈ.என்.டி. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே சீழ் கோத்து, செவிப்பறை ஓட்டையாகும் நிலையில் இருந்தது. ஒரு மாதம் விட்டிருந்தால் அந்தக் காது போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த டீச்சருக்கு நாம் நன்றிகூடச் சொல்லவில்லை. மார்ச்சில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இதை வீட்டில் எத்தனை தடவை பேசியிருப்போம்! அப்படிப்பட்ட ஒரு வரியால் பிழைத்த பிள்ளையின் தாய்க்கு, இன்னொருத்தி பிள்ளைக்கு அந்த ஒரு வரியை எழுதத் தோன்றவில்லை.

அந்த மாதம் எங்கள் ஒருங்கிணைப்பாளர் சுனீதா மேடம் ஒரு மீட்டிங் வைத்தார். கெட்டவர் இல்லை, மேலிருந்து வந்த நெருக்கடியைக் கீழே தள்ளிவிட்டார், அவ்வளவுதான். "ரிப்போர்ட் லேட்டாகுது. ரிமார்க்ஸ் படிச்சிட்டு பேரண்ட்ஸ் சண்டைக்கு வர்றாங்க. யாரும் முழுசா படிக்கிறதில்ல மேடம், கலரத்தான் பார்க்கிறாங்க. பச்சையா இருந்தா நிம்மதி" என்றார். நோட்டுப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் தேர்வாக மாற்றலாமா என்று கேட்டார். முதலில் சரி என்று சொன்னது நான்தான். என் கழுத்து வலியும் கண் எரிச்சலும் அன்றோடு தீர்ந்தன என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குறிப்பைத் தானே எழுதும் ஒரு ஷீட் செய்து தரச் சொல்லி உன்னிடம் வந்து நின்றேன். "இது அரை நாள் வேலை மம்மி. நீங்க சர்ச்சுக்குப் போயிட்டு வாங்க" என்றாய். சாயங்காலம் எனக்குக் காட்டினாய். போன தேர்வைவிட மார்க் ஏறியிருந்தால் பச்சை, கூடவே ஒரு பாராட்டு வரி. இறங்கியிருந்தால் மஞ்சள், ஒரு எச்சரிக்கை வரி. "வேற ஏதாவது எழுதணும்னா ஒரு காலி கட்டம் விடட்டுமா?" என்று கேட்டாய். நீ கேட்டது உனக்கு நினைவிருக்காது. "நக்கோ, அது இருந்தா அதையும் எழுதச் சொல்வாங்க" என்று நான் சொன்னேன். காலிக் கட்டம் வேண்டாம் என்றது நான், ஐயா. இந்த இடத்தை இரண்டு தடவை படி. பழியில் பங்கு கேட்டு நீ எனக்குப் போன் செய்வாய் என்று தெரியும். அதற்காகச் சொல்கிறேன்.

புது முறை வந்ததும் திவ்யாவின் மார்க் ஏறியது. பதினொன்று. அடுத்தது பதினான்கு. அடுத்தது பதினேழு. ஒவ்வொரு முறையும் உன் ஷீட் பச்சை காட்டி, 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம். பாராட்டுகள்' என்று எழுதி அவள் வீட்டுக்கு அனுப்பியது. நான் நூற்று நாற்பது பெயரையும் ஒரே தடவையில் அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ போட்டுக் குடித்தேன். மூன்றாவது பச்சை போன மறுநாள் காலையில் அவள் அம்மா கூப்பிட்டார். பின்னால் கம்பெனி மிஷின் சத்தம். "மிஸ், ரிப்போர்ட்ட ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்து பீரோ கதவுல ஒட்டிக்கிறேன் மிஸ்" என்று சிரித்தார். அப்புறம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். பாப்பாக்குக் கண்ணு ரொம்ப நாளா அரிப்பு. மெடிக்கல் ஷாப்ல ஒரு சொட்டு மருந்து கொடுத்தாங்க, அத ஊத்தினா நல்லா கீது, வுட்டா மறுபடியும் அரிக்குது. அதனால நாலஞ்சு மாசமா ஊத்திட்டே கீறோம். இப்போ தலவலின்னு வேற சொல்றா. நடக்கும்போது கதவு மேல இடிச்சிக்கிறா. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருதபா கூட்டிட்டுப் போய் காட்டணுமா மிஸ்? அதுக்கு எனக்கு ஒரு நாள் லீவு வேணும்."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். "மார்க் இவ்வளவு நல்லா ஏறுதே அம்மா. கண்ணுல கோளாறு இருந்தா மார்க் ஏறுமா? போன் பார்த்துப் பார்த்துதான் தலைவலி. பரீட்சை முடியட்டும், நிதானமா கண்ணாடி டெஸ்ட் பண்ணிக்கலாம்" என்றேன். "ஹவ் மிஸ், நீங்க சொன்னா சரி" என்று இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் மறுநாளுக்கு லீவு எழுதி வைத்திருந்தாராம். நான் சொன்னதைக் கேட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். இதைப் பிறகு அவரே சொன்னார்.

ஏழு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பவானி என்னைக் கூப்பிட்டாள். திவ்யா மாடிப்படியில் விழுந்துவிட்டாள். முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. அடிபட்டதற்காகக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில், வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர் உடனே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அந்தச் சொட்டு மருந்தை டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் ஊற்றியதில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் நேர் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். அந்த வட்டத்தை வைத்துத்தான் அவள் அத்தனை நாள் சமாளித்திருக்கிறாள். நோட்டில் எழுதியவரை அவள் படும் பாடு தாளில் தெரிந்தது. தொடும் தேர்வு வந்ததும் பவானி பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைப் படிக்க, இவள் மனக்கணக்காகப் போட்டு விடை சொல்ல, அக்கா தொட்டிருக்கிறாள். விடை எல்லாம் திவ்யாவுடையதே. "அம்மாகிட்ட சொல்லாதக்கா, லீவு போட்டா வேலையிலருந்து தூக்கிடுவாங்க, பரீட்சை முடிஞ்சி கண்ணாடி போட்டுக்கறேன்" என்றாளாம். கண்ணாடி போட்டால் தீரும் என்று அந்தப் பிள்ளைகள் இரண்டும் நம்பியிருக்கின்றன.

பள்ளியில் ஒரு விசாரணை நடந்தது. திரையில் ஆறு முகங்கள். "வகுப்பு வேலையில் முன்கூட்டியே ஏதாவது அறிகுறி தெரிந்ததா?" என்று என்னைக் கேட்டார்கள். அந்த இரண்டு வெள்ளிக்கிழமைப் படங்களும் அந்த நேரத்தில் என் கணினியில் இருந்தன. "இல்லை" என்றேன். ஒரே வார்த்தை. நான் பொய் சொல்கிறேன் என்று யாரும் சந்தேகப்படவில்லை. அவர்களுக்கும் அந்த விடைதான் வேண்டியிருந்தது. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. அறிகுறி இல்லை என்றால், கண் தெரியாத பிள்ளைக்கு மார்க் எப்படி ஏறியது என்ற கேள்வி வந்தது. வேறு ஆள் தேர்வு எழுதியதாக முடிவு செய்தார்கள். திவ்யாவின் அந்தப் பருவத்து மார்க் முழுவதும் ரத்து. பெயருக்கு எதிரே 'முறைகேடு'. குடும்பத்துக்குத் தெரிந்தே நடந்தது என்றும் எழுதினார்கள். பாட ஆசிரியர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வருஷக் கடைசியில் வேலையை விட்டேன். கழுத்து வலி என்று உங்களிடம் சொன்னேன்.

வேலையில் சேரும் மகனுக்கு அம்மா என்ன சொல்வாள்? நேரத்துக்குச் சாப்பிடு, பெரியவர்களை மதி என்பாள். அதையும் செய். அதோடு இன்னொன்று: இறங்கும் மார்க்கை எல்லோரும் கவனிப்பார்கள். திடீரென்று ஏறும் மார்க்கை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது எல்லோருக்கும் சந்தோஷம். நீ செய்யப்போகும் அறிக்கைகளில் ஒரு பிள்ளையின் மார்க் ஏன் ஏறியது என்று ஒரு மனுஷர் போன் போட்டுக் கேட்க ஒரு வழி வை. வேண்டாம் என்று சொல்ல என்னைப் போல ஒரு டீச்சர் கண்டிப்பாக இருப்பாள். அவள் களைத்திருப்பாள். அவள் பேச்சைக் கேட்காதே. போன மாதம் பழைய சிநேகிதி ஒருத்தியிடம் பேசினேன். அந்தப் பள்ளியில் இப்போது ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உன் ஷீட்தான் ஓடுகிறதாம். எத்தனை வீட்டு பீரோவில் எத்தனை பச்சைத் தாள் ஒட்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதையைச் சொன்ன மறுநாள், படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு உப்பலுக்குப் போனேன். மூன்று வருஷத்தில் அந்த வாசலை நான் மிதித்ததில்லை. மூன்று பேரும் இருந்தார்கள். திவ்யா வளர்ந்திருந்தாள். குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "மிஸ்ஸா?" என்றாள். அவள் அம்மா எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல், போனில் நான் சொன்னதில் ஆரம்பித்து, விசாரணையில் சொன்ன பொய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களைக் கொடுத்தேன். பவானி அவற்றைத் தங்கைக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் காட்டினாள். எழுத்து இங்கே இறங்குகிறது, இங்கே எண் விட்டுப்போயிருக்கிறது, இங்கே பாதித் தாள் காலி. திவ்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இது எந்த வாரம் மிஸ்?" என்றாள். விடுமுறை முடிந்து மூன்றாவது வாரம் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்போ எனக்கே ஒண்ணும் தெரியல மிஸ். எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நான் எதிர்பார்க்காதது பவானியிடமிருந்து வந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டு, "மூணு வருஷமா நான்தான் இவ கண்ணக் கெடுத்தேன்னு நினைச்சிட்டிருக்கேன்" என்றாள். "நான் மட்டும் உக்காந்து படிச்சிக் காட்டாம இருந்திருந்தா மார்க் இறங்கியிருக்கும், அம்மா கூட்டிட்டுப் போயிருக்கும். அம்மாவும் அப்படித்தான் சொல்லுது. நான் படிப்ப வுட்டதே அதுக்குத்தான்." அவள் அம்மா சுவரைப் பார்த்து நின்றார். அந்த வீட்டில் தாயும் மகளும் மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் சொன்ன 'இல்லை', என்னைக் காப்பாற்றிவிட்டு நேராக இங்கே வந்து இந்தப் பெண்ணின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அந்த அம்மா திரும்பினார். "வாயால சொல்றது நக்கோ மிஸ். எழுதிக் குடுங்க. எம்பொண்ணு திருட்டுத்தனமா எழுதினான்னு பேப்பர்ல கீது. அதப் பார்த்துட்டு ரெண்டு ஸ்கூல்ல சேர்க்கல. உங்க கையால எழுதி, ஸ்கூல் ஆபீஸ்ல போய்க் குடுங்க."

நான்கு பக்கம் எழுதிவிட்டேன். போன் பேச்சு, படங்கள், பொய், கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. மூன்றாவது பக்கத்தில் நீ வருகிறாய். 'குறிப்புகளை எழுதிய ஷீட்டை என் மகன் நான் கேட்டபடி செய்து கொடுத்தான். எந்தப் பிள்ளையின் நோட்டையும் அவன் பார்த்ததில்லை. பார்த்தது நான்' என்று எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை, ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. இது உன் புது வேலையில் எப்படி வந்து இடிக்கும், எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். இன்னும் என்னோடு பேசவில்லை. உனக்குத் தெரியாமல் உன்னைப் பற்றிய ஒரு தாள் அங்கே போய்ச் சேரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நாளை உன் வண்டி கிளம்பியதும் ஸ்டேஷனிலிருந்து நேராக உப்பல் போய், அங்கிருந்து பள்ளி ஆபீஸுக்குப் போகிறேன். பவானி பத்து மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளும் என்னோடு வருகிறாள். எனக்குத் துணையாக இல்லை ஐயா, வழியில் நான் திரும்பிவிடக் கூடாதே என்று.

உன் அம்மா